எத்தனை மார்க் எடுத்தா இடம் கிடைக்கும்?

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாத்தளை டவுன்ல இருந்த கொமர்ஸ் கொலேஜுக்குப் போய், சோதனையில எத்தனை மார்க் எடுத்தா சேர்த்துக்குவீங்கன்னு கேட்டுட்டு வரணும்.

கேள்வி ஒண்ணு. பதில் ஒரு நம்பர். கொலேஜும் ஒண்ணும் தூரத்துல இல்ல. எங்க கடைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு புடவைக்கடையோட மேல்மாடி. இதுல பிசகிப் போக என்ன இருக்குன்னுதான் நெனச்சேன்.

இது நடந்தது அறுபதுகள்ல. நான் இஸ்கோல் முடிச்சிட்டு வாப்பாவோட கடையில உக்காந்திருந்தேன். மிளகு, கிராம்பு, சாதிக்காய் எல்லாம் வாங்கி கொழும்புக்கு அனுப்புற கடை. மாத்தளையில அது நல்ல வியாபாரம். எனக்குத்தான் அது சரிவரல்ல.

காரணம், நான் தும்முவேன்.

மிளகு மூட்டையை அவிழ்த்தா தும்மல். கிராம்பைக் கொட்டினா தும்மல். சாதிக்காய் மேல இருக்குமே வசுவாசி, அது தங்கம் மாதிரி விலை. ஒரு நாள் தராசுத் தட்டுல வசுவாசியை வச்சு வாப்பா நிறுத்துக்கிட்டு இருக்கும்போது நான் தும்மினேன். தட்டு காலியாயிருச்சு. பாதி ரோட்டுல கிடந்துச்சு. வாப்பா தராசைக் கொஞ்சம் தள்ளி வச்சாரு.

கொமர்ஸ் கொலேஜ்ல டைப்பிங், சோட்ஹேண்ட், கணக்கு வைக்கிறது எல்லாம் படிச்சுக் கொடுத்தாங்க. படிச்சு முடிச்சவங்க பேங்குக்குப் போனாங்க, கம்பெனிக்குப் போனாங்க, தோட்டத்துக் கந்தோர்ல கிளாக்கரா உக்காந்தாங்க. பேங்குல மிளகு இல்ல. எனக்கு அது போதும்.

வாப்பாகிட்ட கேட்டேன்.

"சரி மகன். ஒரு தரம் எழுது. கிடைச்சாப் படி. கிடைக்காட்டி கடையில உக்காரு. அதுக்குப் பொறகு இந்தப் பேச்சு வீட்டுல இருக்கப்படாது. எத்தனை மார்க் எடுக்கணும்?"

"அது தெரியாது வாப்பா. நல்லா எழுதணும்."

"நல்லான்னா எத்தனை? விலை தெரியாம சந்தைக்குப் போவியா நீ? போய்க் கேட்டுட்டு வா."

இப்படித்தான் நான் அந்த மாடிப்படி ஏறினேன்.

பிரின்சிபல் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கச்சேரியில பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு எடுத்தவரு. மேசையில தூசு இல்ல, சட்டையில சுருக்கம் இல்ல.

"ஐயா, எத்தனை மார்க் எடுத்தா இடம் கிடைக்கும்?"

"அப்பிடி ஒரு மார்க் இல்லைத் தம்பி. இஞ்சை இருவத்தைஞ்சு கதிரைதான் இருக்கு. முதல் இருவத்தைஞ்சு பேரை எடுப்பன்."

"அந்தக் கடைசி ஆள் எத்தனை எடுத்திருக்கணும்?"

"அது மற்ற ஆக்கள் எத்தினை எடுக்கினம் எண்டதைப் பொறுத்தது."

"போன வருஷம் எப்படி ஐயா?"

"போன வருஷம் கடைசியா வந்தவர் அறுவத்திரண்டு."

வேலை முடிஞ்சிருச்சு. புத்தி இருக்கிற ஒருத்தன் அந்த அறுபத்திரண்டை எடுத்துக்கிட்டு, அதுக்கு மேல கொஞ்சம் சேர்த்து வச்சுக்கிட்டு, வீட்டுல போய்ப் புத்தகத்தைத் திறந்திருப்பான். நானும் அப்படித்தான் எறங்கி வந்தேன். வந்து வாப்பாகிட்ட சொன்னேன்.

"அது போன வருஷத்து விலை," ன்னாரு வாப்பா. "இந்த வருஷத்து விலை என்ன?"

"போட்டிக்கு யாரு வர்றாங்கங்கிறதைப் பொறுத்ததாம்."

"அப்ப யாரு வர்றாங்கன்னு பார்த்துட்டு வா. நாங்க மிளகு வாங்க முன்னம் பல்லேபொலயில காய்ப்பு எப்படின்னு போய்ப் பார்க்கிறதில்லையா?"

கேட்கும்போது ரொம்ப நியாயமாத்தான் இருந்துச்சு.

எங்க கிளாஸ்ல எனக்குப் பயம் காட்டுற தலைங்க ரெண்டுதான். ஒருத்தன் பல்லேபொல சேனாரத்ன. கணக்குல புலி. இன்னொருத்தன் பாலச்சந்திரன். அவனோட அப்பா நாவுலங்கிற ஊர்ல அரசாங்க டிஸ்பென்சரியில அப்போதிக்கரி, அதாவது அங்க டாக்டர் வேலை பார்க்கிறவரே அவருதான். பாலாவுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. இந்த ரெண்டு பேரும் சோதனைக்கு வரல்லன்னா எனக்கு அறுபத்திரண்டு போதும். வந்தா ஏத்தணும். அவ்வளவுதான் விசாரணை.

முதல்ல பல்லேபொல.

நேராக் கேட்டா சேனாரத்ன உஷாராயிருவான்னு நெனச்சேன். அதனால மிளகு வாங்க வந்த மாதிரி போனேன். அவங்க வீட்டுத் தோட்டத்துல மிளகு, கொக்கோ எல்லாம் உண்டு. பஸ்ஸை விட்டு எறங்கி நடந்து போனா, அவன் முத்தத்துல பாய் விரிச்சு மிளகு கொட்டிக்கிட்டு இருந்தான். நாங்க ரெண்டு பேரும் சிங்களத்துலதான் பேசுவோம்.

"மச்சாங், நீ எங்க இந்தப் பக்கம்?"

"மிளகு பார்க்க வந்தேன்."

"நீயா? நீ மிளகைப் பார்த்தா தும்முவியே."

நான் குனிஞ்சு ஒரு கை மிளகு அள்ளி மோந்து பார்த்தேன். ஆச்சரியம், தும்மல் வரல்ல. இது நல்ல சாதி மிளகா இருக்கணும்னு முடிவு பண்ணினேன்.

அவனோட அம்மா தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் கொண்டு வந்து வச்சாங்க. நான் மெதுவா ஆரம்பிச்சேன்.

"அடுத்து என்ன செய்யப் போற? ஏதும் சோதனை கீதனை எழுதுறியா?"

"ஒண்ணும் இல்ல. பொலிசுல சேரலாம்னு இருக்கேன். என்ன சோதனை?"

அவனுக்கு விஷயமே தெரியாது. நான் கருப்பட்டியை வாயில போட்டுக்கிட்டு, நல்லது மச்சாங், பொலிசு நல்ல வேலைன்னு சொல்லிட்டு எழும்பியிருக்கணும்.

"சும்மா ஒரு கொமர்ஸ் கொலேஜ்," ன்னேன். "பெருசா ஒண்ணும் இல்ல. படிச்சா பேங்குல எடுப்பாங்க. அது ஒனக்குச் சரிவராது. பூரா கணக்கு."

"கணக்கா?" ன்னு நிமிர்ந்து உக்காந்தான்.

அதுக்கப்புறம் அவன்தான் கேட்டான், நான் பதில் சொன்னேன். எங்க இருக்கு, எப்ப சோதனை, யாரைப் பார்க்கணும். பேங்குங்கிற சொல்லைக் கேட்டதும் அவனோட அம்மாவும் பக்கத்துல வந்து உக்காந்துட்டாங்க. மகனைப் பொலிசுல விட அவங்களுக்கு விருப்பமே இல்லையாம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு நல்லா இருப்பே மகனேன்னு சொன்னாங்க.

எழும்பி வரும்போது சேனாரத்ன கேட்டான், "மிளகு வேணுமா வேணாமா?"

வேணாம்னு சொன்னா நான் எதுக்கு வந்தேன்னு தெரிஞ்சிரும். ஒரு மூட்டை வாங்கினேன்.

அந்த மூட்டையை பஸ் கூரையில ஏத்தி, மாத்தளையில எறக்கி, கடையில கொண்டு போய் வச்சேன். வாப்பா கையை உள்ள விட்டாரு. வெளியில எடுத்தாரு. விரலைப் பார்த்தாரு.

"மகன், இது மிளகா, இல்ல மிளகு போட்ட தண்ணியா?"

அப்பத்தான் எனக்குத் தும்மல் வராத காரணம் வெளங்கிச்சு. அது காயவே இல்ல. அன்னைக்குத்தான் பறிச்சிருக்காங்க.

உம்மா அதை வாங்கி முத்தத்துல காய வச்சாங்க. அது காயக் காய நான் வீட்டுலயும் தும்ம ஆரம்பிச்சேன்.

"சேனாரத்ன வர்றானா?" ன்னு கேட்டாரு வாப்பா.

"இப்ப வர்றான்."

"அப்ப எத்தனை?"

"அறுபத்தஞ்சு," ன்னேன். ஒரு நல்ல தலை உள்ள வந்தா கடைசி ஆள் மூணு மார்க் ஏறும்னு நானா ஒரு கணக்கு வச்சுக்கிட்டேன். அதுக்கு ஆதாரம் ஒண்ணும் கிடையாது. ஆனா வாப்பா தலையாட்டினாரு.

அடுத்து நாவுல.

இந்தத் தடவை வாயைத் திறக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் பஸ் ஏறினேன். பாலாவைப் பார்க்கிறது, மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறது, திரும்பி வர்றது. டிஸ்பென்சரிக்குப் பக்கத்துலதான் அவங்க குவாட்டர்ஸ். நான் கேட்டைத் திறக்க முன்னமே பாலாவோட அப்பா, அப்போதிக்கரி ஐயா, டிஸ்பென்சரி வாசல்ல நின்னு என்னைப் பார்த்துட்டாரு.

"என்ன தம்பி, ஆரைத் தேடுறீர்?"

பாலாவைத் தேடுறேன்னு சொன்னா ஏன்னு கேட்பாரு. ஏன்னு கேட்டா நான் உளறுவேன். அந்த ஒரு நிமிஷத்துல எனக்கு வேற ஒண்ணும் தோணல்ல.

"வயித்து வலி ஐயா," ன்னேன்.

"எவடத்தில இருந்து வாறீர்?"

"மாத்தளை."

"மாத்தளையில அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கேக்கை நாவுலைக்கு வந்தனீரோ?"

"உங்க மருந்துதான் நல்லதுன்னு சொன்னாங்க ஐயா."

இந்த ஒரு பொய்யை மட்டும் நான் சொல்லாம இருந்திருக்கலாம். ஐயாவோட முகம் அப்படியே மலர்ந்துச்சு. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரு. பெஞ்சுல படுக்க வச்சு வயித்தை அமுக்கிப் பார்த்தாரு. நாக்கை நீட்டச் சொன்னாரு. அலுமாரியில இருந்து ஒரு போத்தலை எடுத்து, ஒரு கிளாஸ்ல ஊத்தி, என்னைப் பார்த்து யோசிச்சு, இன்னும் கொஞ்சம் ஊத்தினாரு.

"ஆமணக்கெண்ணெய். நான் கலக்கிற விதம் வேறை. குடியும்."

குடிச்சேன்.

"கொஞ்ச நேரம் இதிலை இருந்திட்டுப் போம்."

உக்காந்திருந்தேன். ஒரு பொம்பளப் புள்ள தண்ணி கொண்டு வந்து கொடுத்துச்சு. பாலாவோட தங்கச்சி வசந்தி. நான் அதே இஸ்கோலுக்குப் போனதால அதுக்கு என் மூஞ்சி தெரியும்.

"நீங்கள் அண்ணான்ரை வகுப்பெல்லோ? அண்ணா யாழ்ப்பாணம் போயிட்டார். மாமா வீட்டில நிண்டு மேல படிக்கிறார். போய்க் கன நாள்."

அல்ஹம்துலில்லாஹ். பாலா ஊருலயே இல்ல. அறுபத்தஞ்சு அறுபத்தஞ்சாவே நிக்கும். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில வாய் தானாத் தொறந்துருச்சு.

"நல்லதாப் போச்சு. அப்ப கொமர்ஸ் கொலேஜ் சோதனைக்கு அவன் வர மாட்டான்."

"அது என்ன சோதினை?"

நான் தண்ணியைக் குடிச்சேன். மெதுவாக் குடிச்சேன். அந்தப் புள்ள நகரல்ல.

"இங்கிலீஷ், கணக்கு, பொது அறிவு," ன்னேன்.

"பொம்பிளைப் பிள்ளையளையும் எடுப்பினமோ?"

மாட்டாங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா இப்பத்தான் ஒரு பொய் சொல்லி அதுக்கு ஒரு கிளாஸ் குடிச்சிருக்கேன். இன்னொண்ணு சொல்லத் தைரியம் வரல்ல.

"டைப்பிங் படிக்கிறதுல பாதிப் பேர் பொம்பளப் புள்ளைங்கதான்."

வசந்தி உள்ள ஓடிச்சு. ஐயா வெளியில வந்தாரு. என்னைப் பக்கத்துல உக்கார வச்சு எல்லாத்தையும் கேட்டாரு. இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளையை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் யோசிச்சுக்கொண்டிருந்தனான், கடவுளாப் பாத்து உமக்கு வயித்துவலியைக் குடுத்தவர்னு சொன்னாரு. தனியா பஸ்ஸுல விடப் பயமாம். அதனால பக்கத்து போஸ்ட் மாஸ்டரோட மகளும் சேர்ந்து எழுதட்டும், ரெண்டு பேருமா போய் வரலாம்னு அவரே முடிவு பண்ணினாரு. போஸ்ட் மாஸ்டர்கிட்ட ஆள் போச்சு. அவரும் வந்தாரு. அவருக்கும் முதல்ல இருந்து சொன்னேன்.

போகும்போது ஐயா கேட்டாரு, "வயிறு எப்பிடி?"

"இப்ப நல்ல சுகம் ஐயா."

"இன்னும் வேலை செய்யத் துவங்கேல்லை," ன்னாரு. "பஸ்ஸை விடாமல் கெதியாப் போய்ச் சேரும்."

அவரு கெட்டிக்கார டாக்டர். பஸ் நாலந்தாவுக்கு வர முன்னம் அது வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு.

கண்டக்டர்கிட்ட எறங்கணும்னு சொன்னேன். "மாத்தளைக்குத்தானே டிக்கட் எடுத்தீங்க?" ன்னாரு. நான் அவரோட மூஞ்சியைப் பார்த்தேன். அவரு என் மூஞ்சியைப் பார்த்தாரு. உடனே பெல் அடிச்சாரு.

நாலந்தா ரோட்டோரத்துல ஒரு தேத்தண்ணிக் கடை. நம்மாளு கடை. தொப்பி போட்ட ஒரு நானா பொயிலர் பக்கத்துல நின்னாரு.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா. கக்கூஸ் எங்க?"

"வ அலைக்குமுஸ்ஸலாம். பின்னால இருக்கு. பூட்டி வச்சிருக்கோம். போற வர்ற எல்லாரும் பாவிக்கிறாங்க." சாவியை சாரத்து மடியில இருந்து எடுத்தாரு. கையில வச்சுக்கிட்டே கேட்டாரு. "தம்பி எந்த ஊரு?"

"மாத்தளை."

"மாத்தளையில ஆர்ர மகன்?"

சொன்னேன். வாப்பாவைத் தெரியுமாம். சந்தோஷப்பட்டாரு. சாவி இன்னும் அவரு கையிலதான்.

"நாவுலைக்கு என்ன அலுவலாப் போன?"

அந்த நிலைமையில அவரு என் பரம்பரையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். கொமர்ஸ் கொலேஜ், சோதனை, பேங்கு வேலைன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன்.

"நம்ம மூத்த மகன் இங்கிலீஷ் நல்லாப் படிப்பான். அவனும் எழுதலாமா?"

"எழுதலாம் நானா."

"எங்க போய்க் கேட்கணும்?"

"மாத்தளை, மெயின் ரோட், புடவைக்கடை மாடி. யாரும் போகலாம் நானா. எல்லாரும் எழுதலாம். சாவி."

கொடுத்தாரு.

நான் திரும்பி வரும்போது ப்ளேன் டீ ஆத்தி வச்சிருந்தாரு. மகனும் பக்கத்துல தயாரா நின்னான். கேள்வியெல்லாம் எப்படி இருக்கும் காக்கான்னு அண்ணன் முறை வச்சுக் கேட்டான். எனக்கு மறுபடியும் சாவி தேவைப்படலாம்னு தோணிச்சு. அதனால தெரிஞ்சதெல்லாம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது மஃரிப் தொழுகை நேரமாயிருச்சு. நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வந்தேன்.

"பாலச்சந்திரன் வர்றானா?" ன்னு வாப்பா கேட்டாரு.

"அவன் வரல்ல."

"நல்லது. அப்ப அறுபத்தஞ்சு."

"இல்ல வாப்பா. எழுபத்தஞ்சு."

வாப்பா கையில இருந்த தேத்தண்ணியை வச்சிட்டாரு. வராத ஒருத்தனால எப்படிப் பத்து ஏறிச்சுன்னு அவருக்கு வெளங்கல்ல. மூணு புதுத் தலைக்கு ஒம்பது, பயத்துக்கு ஒண்ணுன்னு வெளங்கப்படுத்தற நிலைமையில நானும் இல்ல.

இதோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். இனி எங்கயும் போறதில்ல, யாரையும் பார்க்கிறதில்ல. கதவைச் சாத்திட்டுப் படிக்க உக்காந்தேன்.

ஆனா வாப்பா கடையிலதானே இருந்தாரு.

அவருக்கு நான் ஒரு நம்பர் சொன்னது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மிளகு கொண்டு வந்தவங்க, கிராம்பு கொண்டு வந்தவங்க எல்லார்கிட்டயும், "நம்ம மகன் எழுபத்தஞ்சு மார்க் எடுக்க இருக்கான்," ன்னாரு. அவங்க எதுக்குன்னு கேட்டாங்க. வாப்பா சொன்னாரு. வியாபாரத்துல எந்த ரகசியத்தையும் வெளியில விடாத மனுஷன், இதை மட்டும் ஜும்ஆவுக்குப் போனப்ப பள்ளிவாசல்லயும் சொல்லிட்டு வந்தாரு.

ராத்திரி சோறு தின்னும்போது வாப்பாவே ஆரம்பிச்சாரு.

"மகன், சாச்சாவோட மகனும் எழுதப் போறானாம். நகைக்கடைக்காரரோட மகன்மார் ரெண்டு பேரும் எழுதுறாங்களாம். ஒங்க பழைய கணக்கு மாஸ்டரோட மருமகனும் வர்றானாம்."

"வாப்பா, நீங்க ஏன் சொன்னீங்க?"

"நீ பல்லேபொல வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்த. நான் நம்ம தெருவுலதானே சொன்னேன்."

உம்மா சிரிப்பை அடக்க எழும்பிப் போய் தண்ணி எடுத்துட்டு வந்தாங்க. நான் எண்பதுன்னேன். வாப்பா ஏத்துக்கிட்டாரு. விலை ஏறுறது அவருக்குப் புதுசில்ல.

எண்பது எடுக்கணும்னா எப்படிப் படிக்கணுமோ அப்படிப் படிச்சேன். அது வரைக்கும் நான் அப்படிப் படிச்சதே கிடையாது. வட்டிக் கணக்கு, வீதக் கணக்கு, இங்கிலீஷ் கட்டுரை, உலகத்துல எந்த நாட்டுக்கு எது தலைநகர். முத்தத்துல மிளகு காயுது, உள்ள நான் தும்மித் தும்மிப் படிக்கிறேன். நடுச்சாமத்துல படுத்தாலும் பயத்துல தூக்கம் வராது. கடையில என் எடத்தை வாப்பா ஏற்கெனவே துடைச்சு வச்சிருந்தாரு. அதைப் பார்த்த அன்னைக்கெல்லாம் இன்னும் ரெண்டு கணக்கு சேர்த்துச் செஞ்சேன்.

சோதனை நாள் வந்துச்சு. புடவைக்கடை மாடிப்படியில ஏற இடம் இல்ல. ரோட்டு வரைக்கும் ஆளுங்க. மேல கதிரை போதாம, கீழக் கடையில சேலை விரிச்சுக் காட்டுற பெஞ்சுகளைத் தூக்கிட்டுப் போனாங்க. அதுவும் போதல்ல. கொஞ்சப் பேரைத் தரையில உக்கார வச்சாங்க.

பிரின்சிபல் ஐயா வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரா உள்ள விட்டாரு. போன வருஷத்தை விட எத்தனையோ மடங்கு ஆளுங்க. அவருக்கு வெளங்கல்ல.

"பிள்ளை, இந்தச் சோதினையைப் பற்றி உமக்கு ஆர் சொன்னது?" ன்னு வசந்திகிட்ட கேட்டாரு.

வசந்தி என்னைக் காட்டிச்சு. பக்கத்துல நின்ன போஸ்ட் மாஸ்டர் மகளும் காட்டிச்சு.

"உமக்கு?"

சேனாரத்ன என்னைக் காட்டினான்.

நாலந்தா தேத்தண்ணிக்கடை மகனை அவரு கேட்கவே இல்ல, தானா என்னைக் காட்டினான்.

பிரின்சிபல் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுக்கிட்டு என்னைப் பார்த்தாரு. "தம்பி, நீர் எங்கட ஏஜன்டோ?"

நான் பதில் சொல்ல முன்னம் வசந்தி கேட்டுச்சு, "உங்கட வயித்துவலி இப்ப எப்பிடி? அப்பா கேக்கச் சொன்னவர்." அது மெல்லமாத்தான் கேட்டுச்சு. ஆனா படிக்கட்டுல அந்த நேரம் பார்த்து யாருமே பேசல்ல.

எழுதினேன். நல்லாத்தான் எழுதினேன். வெளியில வரும்போது சேனாரத்ன தோள்ல கை போட்டான்.

"மச்சாங், கணக்கு ரொம்ப லேசு இல்லையா?"

"லேசுதான்," ன்னேன். எனக்கு லேசுன்னா மத்தவங்களுக்கும் லேசுதானேன்னு அப்பத்தான் தோணிச்சு.

ரிசல்ட் வந்த அன்னைக்கு வாப்பாவும் கூட வந்தாரு. கடையைப் பூட்டிட்டு வந்தாரு. அவரு பகல்ல கடை பூட்டி நான் பார்த்தது பெருநாளைக்கும் மையத்து அடக்கத்துக்கும்தான். மாடிப்படியில ஏறும்போது மூச்சு வாங்க நின்னு, "எண்பதுதானே?" ன்னு ஒரு தரம் கேட்டுக்கிட்டாரு.

சுவர்ல ஒட்டியிருந்தாங்க. முதல் இடம் வசந்தி. ரெண்டாவது சேனாரத்ன. கொஞ்சம் கீழ போஸ்ட் மாஸ்டர் மகள். அதுக்கும் கீழ நாலந்தாக்காரன். நான் இன்னும் கீழ போனேன். இருபத்தஞ்சாவது ஆள் எழுபத்தேழு மார்க். அதுக்குக் கீழ ஒரு கோடு கிழிச்சிருந்தாங்க.

கோட்டுக்குக் கீழ முதல் பேர் என்னோடது. எழுபத்தாறு.

போன வருஷமா இருந்தா அந்த மார்க்குக்கு என்னை மாலை போட்டுக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. மேல இருந்து கீழ ஒரு தரம் பார்த்தேன். நான் கூட்டிட்டு வந்த நாலு பேர்ல யாராவது ஒருத்தர் அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தாலும் எனக்கு இடம் கிடைச்சிருக்கும்.

வாப்பா கோட்டை விரலால தொட்டுப் பார்த்தாரு. ஏசுவாருன்னு நெனச்சேன். ஏசல்ல.

"எழுபத்தாறு மோசமில்ல மகன்," ன்னாரு. "சரக்கு நல்லது. சந்தைதான் ஏறிப் போச்சு."

அவரு இப்படிப் பேசுவாருன்னு எதிர்பார்க்கல்ல. ஏசியிருந்தாக்கூட லேசா இருந்திருக்கும்.

திரும்பி எறங்கப் போகும்போது பிரின்சிபல் ஐயா கூப்பிட்டாரு.

"இவ்வளவு பேர் வருவினம் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. நல்ல மார்க் எடுத்த பிள்ளையளை வீட்டை அனுப்ப மனமில்லை. அதாலை பின்னேர வகுப்பு ஒண்டு துவங்கப் போறன். அதுக்கு முதல் ஆள் நீர்தான்."

நான் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன். வாப்பாதான் பேசினாரு.

"பின்னேரமாங்க ஐயா? எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்குப் பிறகு."

வாப்பாவோட முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. நல்ல சரக்கு மலிவா வாங்கினாத்தான் அந்த மூஞ்சியைப் பார்க்கலாம்.

"அப்ப பகல் பூரா கடையில இருக்கலாம்," ன்னாரு.

ரெண்டு வருஷம். பகல்ல மிளகு, பின்னேரம் டைப்பிங். சட்டையில ஒட்டியிருந்த தூசால கிளாஸ்லயும் தும்மினேன். நான் தும்மினா பக்கத்துல இருந்தவங்களுக்கு எழுத்து தப்பிரும். என்னைக் கடைசி மெஷினுக்குத் தள்ளிட்டாங்க.

எல்லாம் படிச்சு முடிச்ச நேரம் ஒரு பேங்குல ஆள் எடுக்கிறாங்கன்னு தெரிஞ்சுச்சு. அதுக்கும் ஒரு சோதனை, கண்டியில. நான் எத்தனை மார்க்னு யாருகிட்டயும் கேட்கல்ல. காலையில வெளிக்கிட்டுக்கிட்டு நிக்கும்போது எங்க போறன்னு வாப்பா கேட்டாரு. கண்டிக்குப் படம் பார்க்கப் போறேன்னு சொன்னேன்.

படத்துக்குப் போனதுக்கு வீட்டுல பெரிய ஏச்சு விழுந்துச்சு, ஆனா போட்டிக்கு ஒரு ஆள் கூடச் சேரல்ல.